சோட்டோ போன பிறகு: யாங்கீஸ் வாங்கியதும் விட்டதும்

161வது தெரு
22 டிசம்பர் 2024

நம் நியூயார்க் பேஸ்பால் அணி யாங்கீஸுக்கு ஃபர்ஸ்ட் பேஸ்மன் கோல்ட்ஷ்மிட்டும் வந்தாகிவிட்டது. பெரிய வேலைகள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஆற அமரப் பேசலாம்.

இரண்டு வாரமாக யாங்கீஸ் ரசிகர் கூட்டத்தில் எங்கே திரும்பினாலும் ஒப்பாரிதான். நம் ரைட் ஃபீல்டர் சோட்டோ அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போய்விட்டார், 15 வருடம், 765 மில்லியன் டாலர். நம்மவர்கள் கடைசியாகச் சொன்னது 16 வருடம், 760 மில்லியன். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. 41 ஹோம் ரன், .419 ஆன்பேஸ் (அவுட் ஆகாமல் பேஸ் ஏறிய விகிதம்), மட்டை வரிசையில் நம் நட்சத்திரம் ஜட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு எதிர் பிட்சரை ஒரு வழி பண்ணிவிட்டுப் போகும் ஆட்டம். கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் ஹன்டர் காடிஸ் போட்டதையெல்லாம் ஃபவுல் அடித்து ஒதுக்கிவிட்டு, கடைசியில் ஒரு ஃபாஸ்ட்பால் வந்ததும் சென்டர் ஃபீல்ட் வேலிக்கு மேல் அனுப்பினாரே, 2009க்குப் பிறகு நம்மை உலகத் தொடருக்குக் கொண்டுபோன அடி அது. யாரும் மறக்கப்போவதில்லை.

ஆனால் டாட்ஜர்ஸிடம் உலகத் தொடரை நாம் மட்டையால் தோற்கவில்லை. கிளவ்வாலும் காலாலும் தோற்றோம். ஐந்தாவது ஆட்டத்தை யாராவது மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி பாருங்கள். 5-0 என்று முன்னால் இருக்கிறோம், நம் முதல் பிட்சர் கெரிட் கோல் போடுகிறார், ஐந்தாவது இன்னிங்ஸ். எட்மன் அடித்த பந்து சென்டரில் நின்ற ஜட்ஜ் கைக்கு நேராக வருகிறது, கிளவ்வில் பட்டுக் கீழே விழுகிறது. அடுத்தது ஷார்ட்ஸ்டாப் பக்கம் ஒரு கிரவுண்டர். வோல்பி தேர்ட் பேஸுக்கு எறிந்தது தரையில் குத்தித் தவறுகிறது. பேஸ் நிறைந்துவிட்டது. அப்புறமும் கோல் விடவில்லை, லக்ஸையும் ஓட்டானியையும் ஸ்டிரைக் அவுட் பண்ணிவிட்டார். பெட்ஸ் அடித்தது ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் சாதாரண உருட்டல். ரிசோ பந்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் பேஸில் யாருமில்லை. கோல் ஓடவில்லை. மூன்றாவது அவுட்டாக இருக்க வேண்டியது ரன்னாக முடிந்தது. அதன் பிறகு ஃப்ரீமன், டியோஸ்கர் எர்னாண்டஸ், 5-5. எல்லாம் ஃபீல்டிங் தவறால் வந்தவை என்பதால் ஐந்து ரன்னில் ஒன்றுகூட கோல் கணக்கில் ஏறவில்லை. கடைசியில் 7-6 என்று தோற்றோம். அன்றைக்கு சோட்டோ ரைட் ஃபீல்டில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஜெனரல் மேனேஜர் கேஷ்மன் செய்ததைப் பாருங்கள்.

மேக்ஸ் ஃப்ரீட், 8 வருடம், 218 மில்லியன். இடது கை பிட்சருக்கு இதுவரை யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. அட்லாண்டாவில் வெற்றி-தோல்வி 73-36, ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன்) 3.07, அதோடு மூன்று கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது). தரையோடு உருளும் பந்து வாங்குகிற ஆள், உருண்டு வருவதைத் தானே பாய்ந்து எடுக்கிற ஆள். ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடி பெலிஞ்சர், கப்ஸிடமிருந்து. கொடுத்தது கோடி போடீட் என்ற ஒரு பிட்சர் மட்டும், கூடவே கப்ஸே 5 மில்லியன் தருகிறார்கள். எனக்கு இந்த வருடம் ரொம்பப் பிடித்த டிரேட் இதுதான். பெலிஞ்சர் சென்டரில் நின்றால் ஜட்ஜ் ரைட் ஃபீல்டுக்குத் திரும்பலாம், அவர் முழங்காலுக்கும் நல்லது. பெலிஞ்சர் இடது கை மட்டையாளர், நம் ரைட் ஃபீல்ட் மூலை வெறும் 314 அடி, இடது கைக்காரருக்கு எட்டும் தூரம். வேறு என்ன சொல்ல?

கோல்ட்ஷ்மிட், ஒரு வருடம், 12.5 மில்லியன். வயது 37, போன வருடம் மட்டைச் சராசரி .245தான். ஆனால் நாலு கோல்ட் கிளவ் வைத்திருக்கிறார், எறிகிற வோல்பிக்கு ஒரு தைரியம்.

க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சர்) டெவின் வில்லியம்ஸ், மில்வாக்கியிடமிருந்து. இங்கேதான் எனக்கு நெருடல். அவருடைய சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) உலகப் பிரசித்தம், சரி. ஆனால் ஒரே வருட ஒப்பந்தம் மிச்சம். அதற்குப் பிட்சர் நெஸ்டர் கோர்ட்டஸையும் இளம் இன்ஃபீல்டர் கேலப் டர்பினையும் கொடுத்திருக்கிறோம். நெஸ்டரைக் கொடுத்தது புரிகிறது, அவரும் அடுத்த வருடம் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம்). டர்பினை ஏன் கொடுத்தார்கள்? அரிசோனா ஃபால் லீக்கில் 29 பேஸ் திருடி சாதனை வைத்த பையன். செகண்ட் பேஸில் ஆளில்லாத நேரத்தில், காலாலும் கிளவ்வாலும் தோற்ற அணி, காலும் கிளவ்வும் உள்ளவனைக் கொடுத்து ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆளை வாங்குகிறது.

ஆக என் கருத்து: சோட்டோ பணத்தைப் பிரித்துச் செலவழித்தது சரி. வேலை பாதியில் நிற்கிறது, அதுதான் பிழை. இப்போது தேர்ட் பேஸில் நிற்கும் ஜாஸ் சிசம் செகண்ட் பேஸுக்குப் போனால் தேர்ட் பேஸில் யார்?

---

ஏழாம் நம்பர் ரயில்
22 டிசம்பர் 2024

அண்ணா, நாலு பத்தியில் ஆறுதல் சொல்லிக்கொள்வதற்குப் பதில் ஒரே வரியில் “வயிறு எரிகிறது” என்று எழுதியிருக்கலாம். :)

எங்கள் மெட்ஸ் ஆடும் ஃப்ளஷிங் பக்கம் வாருங்கள், சோட்டோவின் 22ஆம் நம்பர் சட்டை வாங்கித் தருகிறேன். உங்கள் பழைய க்ளோசர் கிளே ஹோம்ஸும் இங்கேதான் இருக்கிறார். 3 வருடம், 38 மில்லியன். நாங்கள் அவரை ஸ்டார்ட்டராக்கப் போகிறோம், இனி ஆட்டத்தை முடிப்பவர் இல்லை, தொடங்குபவர்.

---

161வது தெரு
22 டிசம்பர் 2024

ஹோம்ஸ் ஒரே சீசனில் 13 சேவ் (முன்னணியைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு) கோட்டைவிட்டவர். நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை
23 டிசம்பர் 2024

தேர்ட் பேஸில் யார் என்று கேட்டீர்கள். பதில் கேஷ்மனிடம் இல்லை, வரி அட்டவணையில் இருக்கிறது.

2025க்கு லக்சுரி டாக்ஸ் (மொத்தச் சம்பளம் எல்லை தாண்டிய அணி கட்டும் வரி) தொடங்கும் எல்லை 241 மில்லியன். அதற்கு மேல் 261, 281, 301 என்று படிகள். யாங்கீஸ் தொடர்ந்து எல்லை தாண்டுகிற அணி என்பதால் முதல் படியிலேயே 50 சதவீதம், 301ஐத் தாண்டினால் ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம். அந்த உயரத்தில் ஆண்டுக்கு 20 மில்லியன் கேட்கும் ஒரு தேர்ட் பேஸ்மனை வாங்கினால் வரி 22 மில்லியன். ஆக அவர் விலை 42. 2024 கணக்கு போன வாரம்தான் வெளியானது: டாட்ஜர்ஸ் 103 மில்லியன் வரி, மெட்ஸ் 97, யாங்கீஸ் 62.5. இந்த அளவு சம்பளப் பட்டியல் நீடிக்காது என்று நம் முதலாளி ஹால் ஸ்டைன்பிரென்னர் மே மாதமே சொல்லிவிட்டார்.

ஃப்ரீடுக்கு 8 வருடம் கொடுத்ததும் இதனால்தான். வரிக் கணக்கில் மொத்தத் தொகையை வருடத்தால் வகுத்த சராசரிதான் ஏறும். 218ஐ 6 வருடத்தில் கொடுத்தால் 36க்கு மேல், 8 வருடத்தில் கொடுத்தால் 27.25. வருகிற ஜனவரியில் அவருக்கு 31 வயது. கடைசி இரண்டு வருடம் அவர் எப்படிப் போடுவார் என்று இப்போது யாரும் கவலைப்படவில்லை. அவருக்கு 2014இலேயே டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரை மாற்றுவது) ஆகியிருக்கிறது, 2023இல் முன்கையில் வலி வந்து பல வாரம் உட்கார்ந்திருக்கிறார். அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஃப்ரீட் அட்லாண்டாவின் குவாலிஃபையிங் ஆஃபரை (பழைய அணி நீட்டும் ஒரு வருட ஒப்பந்தம்) மறுத்தவர். அவரை எடுத்ததற்காக நாம் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவது, ஐந்தாவது தேர்வுகளை இழக்கிறோம். சோட்டோ போனதற்கு நமக்குக் கிடைப்பதோ நாலாவது சுற்றுக்குப் பிறகு ஒரு தேர்வு. வரி கட்டுகிற அணிக்கு அவ்வளவுதான். உங்கள் விலைப் பட்டியலில் இதையும் சேருங்கள்.

---

சேப்பாக்கம் கேலரி
23 டிசம்பர் 2024

அண்ணா, நான் போன அக்டோபரில்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன், அதுவும் சென்னையில் காலை டிபன் நேரத்தில். சந்தேகம் ஒன்று. 765 மில்லியன் டாலர் என்றால் 6,400 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. ஜெத்தா ஏலத்தில் பந்த் 27 கோடிக்குப் போனதற்கே இங்கே வாயைப் பிளந்தோம். ஐபிஎல்லில் ஒரு அணிக்கு 120 கோடி, அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. இங்கே உச்சவரம்பே கிடையாதா? இந்த வரி என்பது அபராதமா, தடையா?

---

கணக்குப்பிள்ளை
23 டிசம்பர் 2024

தடை கிடையாது தம்பி. நம் ஊர் ஈபி பில் மாதிரி. ஸ்லாப் தாண்டத் தாண்ட யூனிட் விலை ஏறும், ஆனால் ஏசியைப் போடாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோயன் எல்லா அறையிலும் ஏசி ஓடவிடுகிறவர். ஹால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்.

ஐபிஎல்லோடு இன்னொரு வித்தியாசம்: அங்கே ஏலத்தில் யார் அதிகம் கூவுகிறார்களோ அவர்களிடம் வீரர் போயாக வேண்டும். இங்கே ஃப்ரீ ஏஜென்ட் ஆனவர் யாரிடம் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், குறைந்த விலைக்கும் போடலாம். டிரேடில் மட்டும்தான் வீரரின் விருப்பம் பெரும்பாலும் செல்லாது. நெஸ்டரை யாரும் கேட்கவில்லை.

---

பழைய ஸ்டேடியம்
24 டிசம்பர் 2024

161, நீ எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

பெலிஞ்சர் பற்றிச் சொன்னாய். அவருடைய அப்பா கிளே பெலிஞ்சர் இங்கே ஆடியவர், 1999, 2000 இரண்டு வருடமும் உலகத் தொடர் மோதிரம் வாங்கியவர். மட்டை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் 2000 உலகத் தொடர், மெட்ஸுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். உடைந்த மட்டைத் துண்டை நம் பிட்சர் கிளெமென்ஸ் மெட்ஸின் பியாஸா பக்கம் எறிந்தாரே, அந்த ராத்திரி. எல்லோருக்கும் அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மெட்ஸின் டாட் ஸீல் லெஃப்ட் ஃபீல்டுக்கு அடித்த பந்து வேலியைத் தாண்டப் பார்த்தது. ஃபீல்டிங்குக்காகவே கடைசியில் இறக்கிவிடப்பட்ட கிளே பெலிஞ்சர் வேலியை ஒட்டித் துள்ளிப் பிடித்தார். அப்புறம் அவர்களுடைய ஜே பேட்டன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 6-5 என்று நம் பக்கம் முடிந்தது. அந்தப் பிடி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஏழாம் நம்பர் ரயில் தம்பியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அதனால் கிளவ்வின் மதிப்பை எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் சோட்டோவை “பிரித்து வாங்கலாம்” என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 162 ஆட்டத்துக்கு அது சரி. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று சேர்த்தால் கூட்டல் சரியாக வரும். அக்டோபரில் எதிரில் நிற்பவர்கள் எல்லோரும் முதல்தரப் பிட்சர்கள். நாலு சுமாரான மட்டை சேர்ந்து ஒரு சோட்டோ ஆகாது, ஏனென்றால் அந்த நேரத்தில் பிளேட்டில் ஒருத்தர்தான் நிற்க முடியும். காடிஸை எதிர்த்து அந்தப் பத்தாவது இன்னிங்ஸில் கோல்ட்ஷ்மிட் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

இன்னும் ஒன்று. ஜட்ஜ் 58 ஹோம் ரன் அடித்து ஒருமனதாக எம்விபி (லீக்கின் சிறந்த வீரர் விருது) வாங்கியது சோட்டோ முன்னால் இருந்த வருடம். இனி அவருக்கு யார் ஒழுங்காகப் பந்து போடுவார்கள்?

---

161வது தெரு
24 டிசம்பர் 2024

மாமா, கிளே பெலிஞ்சர் கதைக்கு நன்றி. ரயில் தம்பி அமைதியாகிவிட்டதைக் கவனித்தீர்களா?

அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் கேள்விக்குப் பதில் சுலபம்: கோல்ட்ஷ்மிட்டுக்கு அது முடியாது. யாருக்கும் முடியாது. ஆனால் 2022இல் ஜட்ஜ் 62 அடித்தபோது சோட்டோ பக்கத்திலேயே இல்லை, வாஷிங்டனிலும் சான் டியேகோவிலும் இருந்தார். ஜட்ஜுக்கு யார் முன்னால் இருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. சோட்டோ இல்லாவிட்டால் அவர் முடங்கிவிடுவார் என்பதைத்தான் நம்பவில்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2023 டிசம்பரில் சோட்டோவை வாங்க நாம் கொடுத்தது மைக்கேல் கிங், டிரூ தார்ப், பிரிட்டோ, வாஸ்கெஸ், ஹிகாஷியோகா. ஒரே வருடத்துக்கு ஐந்து பேர். கூடவே வந்த டிரென்ட் கிரிஷம் மட்டும் பெஞ்சில் மிச்சம். கிங் சான் டியேகோவில் என்ன போடு போட்டார் என்று எல்லோரும் பார்த்தோம். ஆக அன்றைக்குக் கொடுத்த பிட்சர் இடத்தை நிரப்பத்தான் இன்றைக்கு ஃப்ரீடுக்கு 218. ஒரு ஆளை மையமாக வைத்து அணி கட்டினால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஸ்டேடியத்தில் சோட்டோ இலவசமாகக் கேட்ட சொகுசு அறை விவகாரத்தில் மட்டும் நம்மவர்கள் மேல் எனக்குக் கோபம். ஜட்ஜும் ஜீட்டரும் காசு கொடுத்து வாங்கினார்கள், அதனால் சோட்டோவுக்கும் இலவசம் கிடையாதாம். 760 மில்லியன் நீட்டுகிற இடத்தில் ஒரு சூட்டுக்குக் கணக்குப் பார்ப்பார்களா? அதனால்தான் போனார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு மொய் நோட்டை முதலில் நீட்டியிருக்க வேண்டாம்.

---

டெட்ராய்ட் தம்பி
28 டிசம்பர் 2024

உங்கள் செகண்ட் பேஸ்மன் கிளேபர் டோரஸ் எங்களிடம் வந்துவிட்டார், ஒரு வருடம், 15 மில்லியன். யாரும் கண்ணீர் விடவில்லை போலிருக்கிறதே?

---

161வது தெரு
28 டிசம்பர் 2024

அவர் மட்டைக்குக் குறை சொல்ல மாட்டேன், செப்டம்பரிலும் அக்டோபரிலும் முதல் ஆளாக இறங்கி நன்றாக ஆடினார். பேஸ் ஓடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வாழ்த்துகள்.

வெர்டூகோவையும் ரிசோவையும் பற்றி இரண்டு வார்த்தை. ரிசோவை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளும் 17 மில்லியன் ஆப்ஷனை எடுக்காமல் 6 மில்லியன் கொடுத்து அனுப்பினார்கள். மனசுக்குக் கஷ்டம், ஆனால் 92 ஆட்டத்தில் 8 ஹோம் ரன். வெர்டூகோ .233. லெஃப்ட் ஃபீல்டில் இனி ஜேசன் டொமிங்கெஸ். பையன் பந்தைத் தேடி ஓடும் பாதை எனக்குக் கொஞ்சம் பயம்தான், இருந்தாலும் அவனை ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை
18 ஜனவரி 2025

ஜப்பான் பிட்சர் சசாகியும் டாட்ஜர்ஸுக்கே போய்விட்டார். பிட்சர் ஸ்னெல்லுக்கு 182 மில்லியன் கொடுத்தார்கள், இப்போது இவர் கிட்டத்தட்ட இலவசம். வயது 25க்குக் கீழே என்பதால் வெளிநாட்டு இளம் வீரர்களுக்கென்று அணிக்கு விதித்த போனஸ் தொகைக்குள்தான் ஒப்பந்தம். நாம் அவர் பட்டியலில் கடைசிவரை இருந்த மாதிரிகூடத் தெரியவில்லை.

நம் பக்கம் தேர்ட் பேஸ் இன்னும் காலி. செயின்ட் லூயிஸ் தேர்ட் பேஸ்மன் அரெனாடோ ஹூஸ்டனுக்குப் போக மாட்டேன் என்று டிசம்பரில் மறுத்தவர், நமக்கு வருவாரா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் நம் பிட்சர் ஸ்ட்ரோமனின் 18.5 மில்லியனை யார் தலையிலாவது கட்டினால்தான் அடுத்த பேச்சு.

---

பழைய ஸ்டேடியம்
13 பிப்ரவரி 2025

தேர்ட் பேஸ்மன் பிரெக்மன் பாஸ்டனுக்கு. 3 வருடம், 120 மில்லியன். நம் பரம எதிரி ரெட் சாக்ஸுக்கு, அதுவும் வருடா வருடம் விலகிக்கொள்ளும் உரிமையோடு.

161, உன் “வேலை பாதியில் நிற்கிறது” இப்போது முழுதாக நின்றுவிட்டது. தேர்ட் பேஸுக்கு லெமேஹியூ, கப்ரேரா, பெராஸா என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்று பேர் பெயர் சொன்னால் ஒருத்தரும் இல்லை என்று அர்த்தம்.

---

161வது தெரு
13 பிப்ரவரி 2025

இதில் உங்களோடு சண்டை இல்லை மாமா. நான் அவரை விரும்பவில்லைதான், எதிரணிச் சைகையைத் திருடி மாட்டிய 2017 ஆஸ்ட்ரோஸ் ஆள் என்பதால் புரூக்ளினிலும் பிராங்க்ஸிலும் பாதிப் பேருக்கு வாந்தி வரும். ஆனால் நம்மிடம் வராமல் போவது வேறு, பாஸ்டன் போவது வேறு.

எரிச்சல் என்னவென்றால், வரிப் படிக்கட்டின் உச்சியில் ஏற்கெனவே நிற்கிறோம். அங்கே ஏறி நின்றுகொண்டு கடைசி ஓட்டையை மட்டும் அடைக்காமல் விடுவதில் என்ன சிக்கனம்? 300 மில்லியன் செலவழித்து 280 மில்லியன் அணியைக் கட்டியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரோமன் வேறு, நான் ஸ்டார்ட்டர், புல்பென்னில் (நடுவில் இறங்கும் பிட்சர்கள் கூட்டம்) போட மாட்டேன் என்கிறார். இருக்கட்டும். ஸ்டார்ட்டர் கூட்டம் எப்போதும் ஏப்ரலுக்குள் கரைந்துவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

---

சேப்பாக்கம் கேலரி
22 பிப்ரவரி 2025

தாடிக்குத் தடையை எடுத்துவிட்டார்களாமே! 1976இலிருந்து இருந்த விதியாம். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு அணியில் சேர இத்தனை வருடமாக சவரம் பண்ண வேண்டுமா?

---

161வது தெரு
22 பிப்ரவரி 2025

சிரிக்காதே தம்பி, அப்பா ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் போட்ட சட்டம். மீசைக்கு அனுமதி உண்டு, நெஸ்டர் மீசையோடுதான் ஆடினார். தாடி கூடாது, பின்னால் முடி காலரைத் தாண்டக் கூடாது. வில்லியம்ஸ் மில்வாக்கியில் தாடியோடு இருந்தவர், இங்கே வந்து அரைகுறையாக மழித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நல்ல வீரர் ஒருவர் தாடிக்காக வராமல் போனால் அது நஷ்டம்தானே என்று மகன் இப்போது யோசித்திருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் ஹால் காசு செலவில்லாமல் செய்த ஒரே நல்ல காரியம்.

---

ஏழாம் நம்பர் ரயில்
22 பிப்ரவரி 2025

தாடி வந்துவிட்டது, தேர்ட் பேஸ்மன்?

---

கணக்குப்பிள்ளை
11 மார்ச் 2025

கோலுக்கு இன்று டாமி ஜான் அறுவை. சீசன் முடிந்தது. இன்னொரு பிட்சர் கில் ஏற்கெனவே முதுகுத் தசை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போன வருட ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்). மட்டையாளர் ஸ்டான்டனுக்கு இரண்டு முழங்கையும் வலி.

நவம்பரில் கோல் ஒப்பந்தத்திலிருந்து விலகினார், பிறகு பழைய நாலு வருடம், 144 மில்லியனுக்கே திரும்பினார், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு 36 மில்லியனில் இன்னொரு வருடம் கூட்டிக்கொடுக்க நம்மவர்கள் மறுத்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இன்றைக்குத் தெரிகிறது. சந்தோஷப்பட முடியாத புத்திசாலித்தனம்.

---

பழைய ஸ்டேடியம்
11 மார்ச் 2025

சோட்டோ இல்லை, கோல் இல்லை. அக்டோபரில் ஆடிய அணியின் இரண்டு தூண்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோட்டோவுக்கு அந்த 760 மில்லியனைக் கொடுத்திருந்தால் ஃப்ரீட் வந்திருக்க மாட்டார். இன்றைக்கு முதல் பிட்சர் யார் என்று கேட்டால் ரோடான், ஸ்ட்ரோமன் என்று சொல்லிக்கொண்டு நிற்போம். டிசம்பரில் 161 சொன்னபோது எனக்கு இது உறைக்கவில்லை.

நெஸ்டர் மட்டும் கையில் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன்.

---

161வது தெரு
12 மார்ச் 2025

எனக்கும் நெஸ்டர் நினைப்புதான். டிராஃப்டின் 36ஆவது சுற்றில் எடுத்த பையன், இங்கேயே வளர்ந்து 2022இல் ஆல் ஸ்டார் ஆனவர். உலகத் தொடர் முதல் ஆட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேல் போடாத கையோடு வந்தார். ஒரு பந்தில் ஓட்டானி அவுட், பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக், அடுத்த பந்தில் ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றும் நிறைந்திருக்க ஹோம் ரன்). இரண்டே பந்தில் அவர் கதையை எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவரை இறக்கியது மேனேஜர் பூன் முடிவு, அவர் தப்பில்லை. பூனுக்கு 2027 வரை நீட்டிப்பு, நெஸ்டருக்கு மில்வாக்கி.

---

161வது தெரு
30 மார்ச் 2025

நேற்று ஆட்டம் பார்க்காதவர்களுக்காக: பிராங்க்ஸில் மில்வாக்கி. எதிரணிப் பிட்சர் சாட்சாத் நெஸ்டர். முதல் பந்து, கோல்ட்ஷ்மிட் ஹோம் ரன். இரண்டாவது பந்து, பெலிஞ்சர் ஹோம் ரன். மூன்றாவது பந்து, ஜட்ஜ் ஹோம் ரன். உட்கார நேரமில்லை. மூன்றில் இரண்டு குளிர்காலத்தில் வாங்கிய மட்டை. மொத்தம் ஒன்பது ஹோம் ரன், யாங்கீஸ் சரித்திரத்திலேயே இதுதான் அதிகம். ஜட்ஜ் மட்டும் மூன்று. 20-9.

ஜட்ஜுக்கு யார் பந்து போடுவார்கள் என்று கேட்டீர்களே மாமா, ஆள் கிடைத்துவிட்டார். நெஸ்டராகப் போனதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

முதல் நாள் ஆட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. 4-2, வில்லியம்ஸ் சேவ். பேஸ் மூன்றையும் நிரப்பி, நம் வயிற்றைக் கலக்கிவிட்டு, அப்புறம் முடித்தார்.

---

ஏழாம் நம்பர் ரயில்
30 மார்ச் 2025

வாழ்த்துகள் அண்ணா. அதே ஆட்டத்தில் நீங்கள் எத்தனை எரர் (ஃபீல்டிங் பிழை) பண்ணினீர்கள் என்று எழுத மறந்துவிட்டீர்களே? ஐந்து. 218 மில்லியன் ஃப்ரீட் முதல் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ்கூட முடிக்காமல் உள்ளே போனார். கிளவ்வுக்காகக் கட்டிய அணி என்றல்லவா டிசம்பரில் படித்தேன்?

சோட்டோ வெள்ளிக்கிழமை ஹூஸ்டனில் முதல் ஹோம் ரன் அடித்துவிட்டார், தகவலுக்கு.

---

161வது தெரு
30 மார்ச் 2025

மறக்கவில்லை, உனக்காக விட்டுவைத்தேன். வியாழக்கிழமை ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹூஸ்டன் க்ளோசர் ஹேடரிடம் அதே சோட்டோ ஸ்டிரைக் அவுட் ஆகி ஆட்டம் முடிந்ததை நீயும் எனக்காக விட்டுவைத்திருக்கிறாய்.

எரர் விஷயம் உண்மை. ஃப்ரீட் கொடுத்த ஆறு ரன்னில் அவர் கணக்கில் ஏறியது இரண்டுதான், மிச்சம் பின்னால் நின்றவர்கள் உபயம். அவுட்ஃபீல்டைச் சரிபண்ணிவிட்டு இன்ஃபீல்டின் இடது பக்கத்தை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும். தினமும் 20 ரன் அடித்து மூட முடியாது.

---

சேப்பாக்கம் கேலரி
30 மார்ச் 2025

அப்படியென்றால் சீசன் நடுவில் தேர்ட் பேஸ் ஆளை வாங்க வழியே இல்லையா? ஐபிஎல்லில் காயம் பட்டால்தான் மாற்று ஆள்.

---

கணக்குப்பிள்ளை
30 மார்ச் 2025

ஜூலை 31 வரை டிரேட் திறந்திருக்கும் தம்பி. பாதி வருடம் கழித்து வாங்கினால் மிச்சச் சம்பளத்துக்குத்தான் வரி. ஹால் அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஜூலையில் விலை பணத்தில் மட்டும் கேட்க மாட்டார்கள், டர்பின் மாதிரி இரண்டு பையன்களைக் கேட்பார்கள்.

---

பழைய ஸ்டேடியம்
30 மார்ச் 2025

அதுவரை கப்ரேரா ஆடட்டும். பையன் உயிரைக் கொடுத்து ஆடுகிறான், அது எனக்குப் போதும். ஜூலையில் வந்து மறுபடி சண்டை போடலாம்.